கிழிஞ்ச ஸ்பீக்கரும் கரகர சாரும்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே மிக மெதுவாகப் பேசிய மனிதரும், மிக அதிகமாகச் சத்தம் போட்ட மனிதரும் ஒருவரேதான். இதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். அவர் என் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தார்.

அரசாங்க ஆபீசில் கிளார்க். அவர் பேசினால் அவருடைய சட்டைப் பொத்தானுக்கு மட்டும்தான் கேட்கும். மனு கொடுக்க வந்த ஒரு பெரியவர், தனக்குத்தான் காது போய்விட்டது என்று பயந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனதாக ஒரு கதை உண்டு. அப்படிப்பட்ட மகானுபாவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொள்வார். இழைந்து குழைகிற கிதார் என்று நினைத்துவிடாதீர்கள். இது கரகரவென்று பல்லைக் கூச வைக்கிற ரகம். எங்கள் சந்தில் அவருக்குக் கரகர சார் என்றே பெயர். சொந்தப் பெயரை ரேஷன் கார்டில்தான் தேட வேண்டும்.

அவர் குடிவந்த முதல் ஞாயிறே அமர்க்களம்.

"யாரு வீட்டு மோட்டாருங்க தண்ணியில்லாம ஓடுது? காயில் கருகிரும், ஆஃப் பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டே வந்த வீட்டுக்கார அம்மா மீனாட்சியம்மா, கட்டடத்துக்கே மெயினை இறக்கிவிட்டார். சத்தம் நின்றது. கரகர சார் கிதாரோடு வெளியே வந்து உதட்டை அசைத்தார்.

"என்ன தம்பி சொல்றாரு?" என்று என்னிடம் கேட்டார் அம்மா.

"ரெக்கார்டிங்காம்மா. வீட்டுலயே பாட்டு பதிவு பண்றாராம்."

"பாட்டா? இதுல பாட்டு எங்கிட்டு இருக்கு?"

எனக்கும் அதே சந்தேகம்தான். உள்ளே போய்ப் பார்த்தேன். பாத்ரூமுக்குள் ஒரு பழைய ஸ்பீக்கர் பாக்ஸ். அதைச் சுற்றி வீட்டிலிருந்த அத்தனை போர்வைகளும். துணிக் கொடிக்கம்பியில் கட்டித் தொங்கவிட்ட மைக். அதிலிருந்து ஒயர் ஹாலில் இருக்கிற லேப்டாப்புக்குப் போகும். அவர் கட்டிலில் உட்கார்ந்து வாசிப்பார். பதிவாகிக்கொண்டிருக்கும்போது தெருவில் கோலமாவு சைக்கிள் வந்துவிட்டால் எல்லாம் பாழ். ஒருநாள் அவர் வெளியே ஓடி, "கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கிறீங்களா?" என்று கோலமாவுக்காரரிடம் கிசுகிசுத்தார்.

"நானா?" என்றார் கோலமாவுக்காரர். "ஏன் சார், மனசாட்சியோடதான் பேசுறீங்களா?"

எனக்கே ஒருநாள் பொறுக்கவில்லை. "சார், அந்த ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு. அதான் இப்பிடிக் கத்துது," என்றேன்.

"கிழிஞ்சதுதான் சார் விசயம்," என்றார். காதை அவர் வாயருகே வைத்து மீதியைக் கேட்டேன். காலேஜில் அவரும் கோட்டைப்பட்டினத்து ஜமாலும் சேர்ந்து ஒரு பாட்டு போட்டார்களாம். இவர் கிதார், ஜமால் டிரம்ஸ். ஆண்டு விழா மேடையில் உணர்ச்சி வேகத்தில் ஜமால் விட்ட உதையில் ஸ்பீக்கர் கிழிந்து, அன்றைக்குப் பிறந்ததுதான் இந்தக் கரகரப்பு.

"லேப்டாப்புலயே இந்த எஃபெக்ட் இருக்குமே சார்?"

"இருக்கு. அது ஊருக்கெல்லாம் பொதுவான கரகரப்பு. இது எங்க ரெண்டு பேரு கரகரப்பு."

ஜமால் இப்போது வளைகுடாவில் ஜெனரேட்டர் பக்கத்தில் வேலை. ஒரு காது போய்விட்டது. மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது முழுசாகப் போவதற்குள் அந்தப் பாட்டை முடித்து அனுப்ப வேண்டும். டிரம்ஸை ஜமால் அங்கே வாசித்து அனுப்பிவிட்டான். கிதார் பாதி முடிந்திருந்தது.

இவ்வளவும் தெரிந்த நான் அடுத்து செய்த காரியத்தைக் கேளுங்கள். கரகர சார் ஆபீஸ் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் மீனாட்சியம்மா வந்து, "பாத்ரூம்ல ஏதோ ரிப்பேராம், ஆளு வந்துருக்கு, தெறந்து விடுங்க தம்பி," என்றார். குழாய் ரிப்பேர் என்று நினைத்துத் திறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வந்தவர் மைக்செட் செல்லையா. கரகரப்பைச் சரிபண்ணச் சந்துக்காரர்களே சேர்ந்து வரவழைத்திருந்தார்கள்.

சாயங்காலம் சந்தே கூடி நின்றது. "ஸ்பீக்கருக்குள்ள பேப்பர்க் கோனு அப்பளமா நொறுங்கிக் கெடந்துச்சு சார். இத வச்சுக்கிட்டா இம்புட்டு நாளு கஷ்டப்பட்டீங்க? புதுசு மாத்திட்டேன், பழசு குப்பை வண்டியில போயிருச்சு. வாசிச்சுப் பாருங்க!" என்றார் செல்லையா. கரகர சார் வாசித்தார். நாதம் பாலாகப் பொழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். "ரொம்ப நன்றிங்க," என்று கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு ஞாயிறு சத்தமே இல்லை. "தெருவே வெறிச்சுன்னு கெடக்கு, என்ன தம்பி?" என்றார் மீனாட்சியம்மா. போய்ப் பார்த்தேன். பாத்ரூமில் பாக்ஸ் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"அம்புட்டுப் பேரும் ஆசையா நின்னாங்களே சார்."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சந்துக்காரர்களைக் கூட்டி உண்மையைச் சொன்னேன். மீனாட்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். செல்லையாதான் முரண்டு பிடித்தார்: "நமக்கு ஒட்டித்தாங்க பழக்கம். புதுக் கோனக் கிழிக்கச் சொன்னா கை வருமா?" ஆனாலும் பிளேடோடு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீறல் போட்டார். கரகர சார் வாசித்தார்.

"இது இல்ல," என்றார் கோலமாவுக்காரர். "பழசு தகரத்துல சல்லியக் கொட்டுன மாதிரி வரும்."

"கடைசில 'ங்ஙீ'ன்னு ஒரு இழுவ வருமே, அதக் காணோம்," என்றார் மீனாட்சியம்மா. "இன்னும் கொஞ்சம் கிழிங்க செல்லையா!"

இரண்டு வருஷம் திட்டித் திட்டியே அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்தது. ஐந்து கீறல் போட்டும் ஒன்றும் சரிவரவில்லை. கரகர சார் தயங்கித் தயங்கி, "பிளேடு இல்லைங்க. கால்தான்," என்றார்.

"தள்ளுங்க!" என்று முன்னால் வந்தார் மீனாட்சியம்மா. "ரெண்டு வருசமா இத ஒரு ஒதை விடணும்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்!" சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்து, விட்டார் ஓர் உதை. உடனே பதறிப்போய்க் குனிந்து, பாக்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கரகர சார் தந்தியைத் தட்டினார். "ங்ஙீ..."

"இதேதான்!" என்று சந்தே கத்தியது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஒரு வீட்டிலும் மிக்சி ஓடவில்லை. கோலமாவுக்காரர் வாயை மூடிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரே மூச்சில் பாட்டு முடிந்தது. கடைசி இழுவை அடங்குவதற்குள், "முடிஞ்சுருச்சா தம்பி? மோட்டாரப் போடலாமா?" என்று மீனாட்சியம்மா குரல் கேட்டது. அதுவும் பதிவாகிவிட்டது. "இன்னொரு தடவை வாசிங்க சார்," என்றேன். "இருக்கட்டும் சார்," என்று அப்படியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஜமாலிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரல்: "டேய்! கேட்டுச்சுடா! ஒண்ணு விடாமக் கேட்டுச்சுடா! நம்ம பாக்ஸேதான்டா! ஆமா, கடைசில மோட்டாருங்குறாங்களே ஒரு அம்மா, அது யாருடா?" கரகர சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

பிறகு அவருக்கு ஆவுடையார்கோவிலுக்கு மாற்றல் வந்தது. காலி செய்கிற அன்று சாவியை மீனாட்சியம்மாவிடம் கொடுத்தார். என்னிடம் இன்னொரு சாவியை நீட்டினார்.

"அங்க பாத்திருக்கிற வீட்டோடது சார். ஒண்ணு ஒங்ககிட்ட இருக்கட்டும்."

"நான் இங்கிட்டு இருந்துக்கிட்டு இத வச்சு என்ன சார் பண்றது? அதுவும் போன தடவை நான் பண்ணுன வேலைக்கு!"

அவர் ஏதோ சொன்னார். வழக்கம்போலக் காதில் விழவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. புதுக்கோட்டை டவுனில் எந்தப் பூட்டுக்கும் சேராத அந்தச் சாவி, இன்னும் என் வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில்தான் இருக்கிறது.