கம்பி சார் குனிந்த படலம்

வாழி! நிமிர்ந்த முதுகு வாழி! வெண்துகிலை மலையென மடித்தடுக்கும் சலவைக் கூடத்தின் தனிப்பெருங் காவலர், பதினெட்டு ஆண்டுகளாக எவருக்கும் எதற்கும் வளையாத வன்முதுகர், பதினொரு மடிப்புக்காரிகளின் மேல் பார்வைச் செங்கோல் ஓச்சும் மேற்பார்வையாளர், கதவு நிலையைவிட நேராக நிற்பதால் ‘கம்பி சார்’ என்று அந்தப் பெண்களால் மறைவில் போற்றப்படும் பெருமான் வாழி! அவர் முதுகுக்குப் பின்னால் எத்தனையோ நடந்தன. ஆனால் எல்லாவற்றிலும் கொடியது அவர் இடுப்புக்குள்ளேயே நடந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன், கண்ணுகளா. அவரவர் முதுகுக்கு ஒரு தலையணையை அண்டை கொடுத்துக்கொண்டு கேளுங்கள்.

இடுப்பே, உன்னைப் பாடாமல் தொடங்கலாமா? தலைக்கு முடியுண்டு, தோளுக்கு மாலையுண்டு, காலுக்குக் கழலுண்டு. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் ஒருசேரத் தாங்கி நடுவே நசுங்கும் உனக்கு வாய்த்தது ஒரு நாடா மட்டுமே. நீ சும்மா இருக்கும்வரை உன்னை எவரும் நினைப்பதில்லை; நீ வாய் திறந்தாலோ உலகில் வேறெவர் பேச்சும் காதில் ஏறுவதில்லை. உன் சீற்றத்தைப் பாட எனக்குச் சொல்வன்மை போதாது; உன்னைப் பொய் என்று சொன்ன ஒருவர் பட்ட பாட்டை மட்டும் பாடிவிடுகிறேன்.

கூடத்தைப் பாருங்கள். இடியென முழங்கும் உலர்த்தி உருளைகள் ஆறு. அவற்றின் வயிற்றிலிருந்து வெந்நீராவி கக்கியபடி வந்து விழும் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள். அவை அலையெனப் புரளும் இருபதடி நீள மடிப்பு மேசை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற உயரம் அதற்கு. அதன் முன் நிற்பவள் காலை ஏழு மணியிலிருந்து மாலை நான்கு வரை பாதி வணக்கம் சொன்ன கோலத்திலேயே நிற்க வேண்டும். தலையணை உறைகளை மடிக்கும் நேரத்திலாவது உட்கார்ந்துகொள்கிறோமே, நாலு முக்காலி கொடுங்களேன் என்று பதினொரு பேரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதினார்கள். கம்பி சார் அதில் கையெழுத்துப் போட்டால் போதும், தலைமைக் கிடங்கிலிருந்து முக்காலிகள் வந்துவிடும். அந்தக் கடிதம் இரண்டு ஆண்டுகளாக அவருடைய மேசை இழுப்பறையில், பல்குத்தும் குச்சிகளுக்குக் கீழே, அசையாத் தவம் இயற்றிக்கொண்டிருந்தது.

ஏனெனில் அவர் கண்டறிந்த பேருண்மை ஒன்று உண்டு: இடுப்பு வலி என்பது சோம்பலுக்குப் பெண்கள் வைத்த செல்லப் பெயர். மருத்துவ உலகமே வெட்கித் தலைகுனியும்படி அதை மெய்ப்பிக்க அவர் ஒரு சோதனையும் வகுத்திருந்தார். இடுப்பு வலிக்கிறது என்று எவளாவது சொன்னால், தம் இடைக்கச்சில் தொங்கும் சாவியைக் கழற்றி ஈரத் தரையில் ‘ணங்’ என்று போடுவார். “எடு!” என்பார். குனிந்து எடுத்தால் வலி இல்லை என்று பொருள். அவள் பெயர் நீல நோட்டில் ஏறும். ஆறு மாதத்துக்கு அவள் இடுப்பைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. எடுக்க முடியாவிட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்று பொருள். வீட்டுக்குப் போக வேண்டும். அப்படி ஒருத்தி தோற்று நிற்கும்போது, கொக்கு மீன் கொத்துவதுபோல் தாமே சரேலென்று குனிந்து சாவியைக் கவ்வி நிமிர்ந்து, “இவ்வளவுதான் விஷயம்!” என்று முழங்குவார். அந்த முழக்கத்துக்காகவே சோதனை வைத்தாரோ என்று ஐயுறுவாரும் உண்டு.

பாவி இடுப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு காலை, பல் துலக்கிவிட்டுத் துப்பக் குனிந்த கணத்தில், முன்னறிவிப்பின்றி, முரசறையாமல், அவர் முதுகின் அடிவாரத்தில் தன் முதல் வேலினைப் பாய்ச்சியது. துப்ப வேண்டியதை விழுங்கினார் பெருமான். அன்று முதல் வாரத்துக்கு இரண்டு நாள் விட்டுவிட்டு வந்து தாக்கும். போய்விட்டது என்று நினைத்தால் திரும்பி வரும். கூடத்தில் இரும்புத் தூணாக நின்றவர் வீட்டில் கட்டில் விளிம்பில் மல்லாந்த வண்டாகக் கிடந்து கைகால் உதைத்தார். காலுறையை அவர் மனைவிதான் மாட்டிவிட்டாள். நாலு விரற்கடை அகலமுள்ள பட்டையை இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி, சட்டைக்குள் மறைத்து இறுக்கி, கவசம் பூண்ட வேந்தரை நாள்தோறும் அனுப்பிவைத்தவளும் அவளே.

“என்னங்க, வலிக்குதுன்னு சொல்லி நாலு நாள் லீவு போட்டா என்ன? யாரு உங்கள அடிக்கப்போறா?”

“நான் போட்டா நாளைக்கு அந்தப் பதினோரு பேரும் வரிசையா வந்து நிப்பாளுங்க. உனக்கு ஒண்ணும் தெரியாது. பட்டையை இன்னும் இறுக்கு.”

“இதுக்கு மேல இறுக்குனா மூச்சு நின்னுடும். அப்புறம் லீவே கேக்க வேண்டாம்.”

இவ்விதமாக மூன்று திங்கள் கழிந்தன. அந்த நாள்களில் சோதனை வைக்கும்படியாக எவளும் வாய் திறக்காதது அவருடைய நல்வினை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு அந்த நல்வினை முற்றிலும் தீர்ந்துபோனது.

மடிப்புக்காரிகளில் மூத்தவள் பெரியக்கா. இருபது ஆண்டுகள் மடித்த கை. நாற்பது விரிப்பை மடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்க்கும் பொறுமை. அவள் அன்று கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தாள்.

“சார், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஏதாவது பெட்டி கிட்டி போட்டு உக்காந்துக்குறேன். சுத்தமா நிக்க முடியல.”

கேட்டதும் சினந்தார் வன்முதுகர். விழி சிவந்தது, மீசை துடித்தது, பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில் கை தானாக இடைக்கச்சுக்குப் பாய்ந்தது, சாவி கழன்றது, வானில் மின்னியது, வீழ்ந்தது. ‘ணங்!’ அந்த ஓசை தேய்ந்து அடங்குவதற்குள் அவருக்குத் தம் இடுப்பு நினைவுக்கு வந்தது. ஐயகோ, கை விட்டதை இடுப்பல்லவா எடுக்க வேண்டும்! கண்ணுகளா, தாமே வெட்டிய குழியை விழுந்துகொண்டிருக்கும்போது அளந்து பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான்.

பெரியக்கா சாவியைப் பார்த்தாள். முழங்காலை மடக்கிப் பார்த்தாள், முகம் சுருங்கியது, பாதியில் நின்றாள். “என்னால ஆகாது சார். நான் வீட்டுக்கே போறேன்” என்றாள்.

வழக்கமாக இந்த இடத்தில்தான் கொக்கு கொத்தும். பெண்கள் காத்திருந்தார்கள். கொக்கு கொத்தவில்லை.

அச்சாவியோ சாமானியச் சாவியன்று. வெள்ளைத்துணி அறையைத் திறக்கும் ஒற்றைச் சாவி. எவரையும் நம்பாத பெருமான் அதற்கு இரட்டை செய்யவும் விட்டதில்லை. அந்த அறைக்குள்தான் மருத்துவமனைக்குப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர வேண்டிய விரிப்புகள் அத்தனையும் பூட்டிக் கிடந்தன. வாசலில் மருத்துவமனை வண்டி வந்து நின்று, போர்ச்சங்கென ஒலிப்பானை அலறவிட்டது.

“யாராவது அந்தச் சாவியை எடுங்க!” என்று ஆணையிட்டார்.

எவரும் அசையவில்லை. மேசையின் கடைக்கோடியில் நின்ற ஒருத்தி, வாயைத் திறந்தால் படபடவென்று பொரிவதால் ஊசிவெடி என்று பேர் வாங்கியவள், மடித்த உறையைக் கீழே வைத்தாள்.

“எடுத்தா வலி இல்லன்னு நோட்டுல எழுதிடுவீங்களே சார். எனக்கும் காலையில இருந்து இடுப்புல ஒரு மாதிரியா இருக்கு.”

“எனக்கும் சார்.” “எனக்குந்தான்.” “எனக்குப் போன வாரத்துல இருந்தே.” ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துக் கைகள் பத்து இடுப்புகளில் ஏறின. பெரியக்காவின் கை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. அவர் வகுத்த சட்டப்படி பதினொரு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் துணியை வண்டியில் ஏற்ற ஆளில்லை. துணி போகாவிட்டால் பதினெட்டு ஆண்டுக் கொற்றம் பதினொன்றே காலுக்குக் கவிழும். தம் சட்டத்தின் மதிலுக்குள் தாமே முற்றுகைப்பட்ட முதல் மன்னர், களத்தில் தனியராக நின்றார்.

முதலில் காற்படையை ஏவினார். யாரும் பார்க்காததுபோல் ஒரு பக்கம் சாய்ந்து, செருப்பு நுனியால் சாவியைத் தம் பக்கம் இழுத்தார். வெற்றிலைக்கொடி போல் நைச்சியமாக வளர்ந்த அந்தக் கால், சவர்க்கார நீரில் வழுக்கி, சாவியை எற்றிவிட, அது கிறீச்சிட்டுப் பறந்து மடிப்பு மேசையின் அடியில் போய்ப் புகுந்தது. முன்பு குனிந்தால் போதுமாக இருந்தது. இப்போது குனிந்து நுழையவும் வேண்டும். அடுத்து ஆயுதப்படை. சுவரில் சாய்ந்திருந்த துடைப்பக் கட்டையை உருவினார். விழியை மேல்நோக்கி வைத்தபடியே, குருடர் குளத்தில் தூண்டில் போட்டாற்போல், மேசைக்கடியில் துழாவினார். அங்கிருந்து ஒரு பொத்தான் வந்தது, ஒற்றைக் கையுறை வந்தது, சாவி வரவில்லை. வண்டி மறுபடியும் சங்கூதியது.

“குனிஞ்சு பாருங்க சார், தெரியும்” என்று ஊசிவெடி வழி சொன்னாள். மற்றவர்கள் விரிப்புகளை முகத்தருகே தூக்கி மடித்தார்கள். பத்து விரிப்புகளும் குலுங்கின.

குனிந்தார்! குனிந்தாரையா! மலைகள் அதிரவில்லை, கடல்கள் பொங்கவில்லை, ஆனால் உள்ளே பட்டை முனகியது. கழுத்தை முதலில் அனுப்பினார், அது போனது. தோளை அனுப்பினார், அதுவும் போனது. மார்பு போனது. நான்காம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே மூன்று திங்களாகப் பதுங்கிக் கிடந்த பகைவன், படை முழுதும் கணவாய்க்குள் வரட்டும் என்று காத்திருந்தவன், அப்போதுதான் எழுந்தான். ஒரு வேல் அன்று, ஓராயிரம் வேல். ஒரு மின்னல் அன்று, இடுப்பில் தொடங்கிக் குதிகால் வரை ஓடிய மின்னற்கொடி! “அம்மாடியோவ்!” என்று அவர் எழுப்பிய முழக்கத்தில் உருளைகளின் முழக்கமும் அடங்கியது. முன்னே போகவும் முடியாமல், பின்னே வரவும் முடியாமல், இரு கைகளையும் மேசை விளிம்பில் ஊன்றி, மூக்கு மேசையைத் தொட, பாதி வணக்கம் சொன்ன கோலத்தில், அந்த மேசைக்கு முன் அந்தப் பெண்கள் அன்றாடம் நிற்கும் அதே கோலத்தில், உறைந்து நின்றார் வளையாத வன்முதுகர்.

அவ்வேளை பார்த்து வண்டியோட்டி உள்ளே வந்தார். “என்ன சார், இன்னைக்கு மரியாதையெல்லாம் பலமா இருக்கு? நான் வெறும் டிரைவர்தானே!”

சட்டை மேலேறி, உள்ளே மறைத்த பட்டை ஊர்காண வெளியே தெரிந்தது. மூன்று சுற்றும் எண்ணலாம்.

பெரியக்காதான் முதலில் அருகே வந்தாள். சிரித்தவர்களைக் கையமர்த்தினாள். “அசையாதீங்க சார். மூச்சை மெதுவா விடுங்க. முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க, போதும். இது எத்தனை நாளா?”

“மூணு மாசம்...”

“மூணு மாசமாவா! சொல்லக் கூடாதா?” என்றவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: “உக்கார வைக்கலாம்னு பாத்தா, இங்க ஒரு முக்காலிகூட இல்லையே சார்.”

ஊசிவெடி அதற்குள் நீல நோட்டை விரித்துக்கொண்டாள். “குனிஞ்சு எடுக்க முடியாதவங்க வேலைக்கு லாயக்கில்ல, வீட்டுக்குப் போகணும். முதல் பக்கத்துல நீங்க எழுதினதுதான். உங்க பேரையும் எழுதட்டா சார்?”

அவருக்கு எதிரே இருந்தது இரண்டே வழி. வலி பொய் என்றால் நிமிர்ந்து காட்ட வேண்டும். வலி மெய் என்றால் பதினொரு பேருக்கும் அது மெய். நிமிர்ந்து காட்ட ஒரு முயற்சி செய்தார்; இடுப்பு தன் தீர்ப்பை இன்னொரு முறை வாசித்தது. அதன்பின் அந்தக் கூடம் அதுவரை கேட்டிராத மாபெரும் பிரகடனம், மேசைப் பலகையை நோக்கி, நலிந்த குரலில் வெளிவந்தது.

“இழுப்பறையில... குச்சி டப்பாவுக்குக் கீழ... அந்த லெட்டரை எடுத்துட்டு வாங்க.”

கொண்டுவந்து மூக்கின் கீழே விரித்தார்கள். பேனாவை விரலிடுக்கில் செருகினார்கள். கையெழுத்துப் போட அவர் குனிய வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே குனிந்துதான் இருந்தார். மை உலர்வதற்குள் ஊசிவெடி மேசைக்கடியில் கெண்டையெனப் பாய்ந்து சாவியோடு எழுந்தாள். “எனக்கு இடுப்பு நல்லாத்தான் சார் இருக்கு. வேணும்னா நோட்டுல எழுதிக்குங்க.” வண்டி நிறைந்தது; பதினொன்றுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் புறப்பட்டது. பெருமானையோ அழுக்குத்துணிக் குவியலின் மேல் ஒருக்களித்துக் கிடத்தினார்கள்.

பாடுங்கள், உருளைகளே, பாடுங்கள்! வளையாத் தூண் வளைந்த வரலாற்றை, வேலின்றி வாளின்றி ஒரே ஓர் இடுப்பு பதினெட்டாண்டு ஆணவத்தை மண்டியிடச் செய்த மறப்போரை, நீராவி முகிலேறித் திசையெட்டும் முழங்குங்கள்! வெண்துகிற் கொடிகள் எழுக! வாகை சூடிய பதினொரு இடைகளும் வாழ்க! வென்றோர் அமரும் அரியணைகள் வருகவென்று அண்டமெல்லாம் காத்திருக்க, வியாழக்கிழமை நாலு பிளாஸ்டிக் முக்காலி வந்தது.

அதில் ஒன்றுக்குக் கால் ஆடியது.