ஒரு ரப்பருக்குப் பெரிய நோட்டு

ஒரு ரப்பருக்குப் பெரிய நோட்டை நீட்டினார் வெள்ளைச் சட்டைக்காரர். எழுதுபொருள் கடைக்காரர் அதைத் தொடாமல் பின்வாங்கினார்.

மூன்று வருடமாக அந்தக் கடையில் காசு புழங்கவில்லை. எல்லாம் போனும் கார்டும்தான். கடைகள் ரொக்கம் வாங்கியே தீரவேண்டும், மறுத்தால் அபராதம் என்று சட்டம் வந்து இரண்டே நாள் ஆகிறது. அதிகாரிகள் வாடிக்கையாளர் மாதிரி வந்து சோதிக்கிறார்களாம் என்று வேறு பேச்சு.

"போன்ல போட்டுடுங்களேன் சார்," என்று குழைந்தார்.

"ஏன், ரொக்கம் வாங்கமாட்டீங்களா?"

போச்சு! சந்தேகமே இல்லை, ஆள் அதிகாரிதான்.

"ஐயோ, வாங்காம என்ன! ஒரு ரப்பர்தானே, சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

"அதெல்லாம் வேணாம். சட்டப்படி நோட்டை வாங்கிட்டு மீதியைக் குடுங்க. சில்லறை வாங்காம நான் நகர்றதா இல்ல."

பில் போடும் மனைவி காதைக் கடித்தாள். "பழைய கல்லாப்பெட்டியில ஏதாவது கிடக்கும், பாருங்க."

சாவி போன இடம் தெரியவில்லை. இரும்பு ஸ்கேலை விட்டு நெம்பினார். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு நெம்பு. கல்லா இழுப்பறை பாய்ந்து வந்து மேஜைமேலிருந்த மசிப்புட்டியை இடித்தது. உள்ளே நாலு ஹேர்பின், ஒரு செத்த பல்லி. மசி மொத்தமும் வெள்ளைச் சட்டையில்.

"உங்க கை சும்மாவே இருக்காதா?" மனைவி நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, வந்தவருக்குக் கேட்காமல் கிசுகிசுத்தாள். "தெருக்கோடியில நேத்து திறந்த செருப்புக் கடை இருக்கே, அங்க மாத்திட்டு வரேன்."

கடைக்காரர் நாற்காலி போட்டார். மின்விசிறியைத் திருப்பினார். டீ வரவழைத்தார். சட்டையை ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க, நீலம் தோள்வரை ஏறியது.

"சாருக்கு அலைச்சல் ஜாஸ்தியோ?"

"ஏன் கேக்கறீங்க! இந்தச் சட்டம் வந்ததும் வந்துது, கடை கடையா ஏறி இறங்கறேன்."

"கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார்."

"அதுக்கு நீங்கதான் மனசு வைக்கணும்."

கடைக்காரர் அவசரமாக இரண்டாவது டீ சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன்," என்றார் வந்தவர், டீயை ரசித்து உறிஞ்சியபடி. "வேற எந்தக் கடையிலயும் என்னை இப்படிக் கவனிக்கல. சட்டை போனா போகுது."

அப்பாடா என்று கடைக்காரர் மூச்சுவிடும்போது மனைவி இரைக்க இரைக்க ஓடிவந்தாள். கையில் அதே நோட்டு.

"அங்கயும் சில்லறை இல்லீங்க! மீதிக் காசுக்காக ஆறு பேர் புதுச் செருப்போட உக்காந்திருக்காங்க. அந்தக் கடை முதலாளி, ஒரு ரப்பர் வாங்கி நோட்டை மாத்திட்டு வரேன்னு நம்ம கடைக்குத்தான் வந்திருக்காராம்!"