மாடி வீட்டு அட்வான்ஸ்

கணபதி,
கோயமுத்தூர்.

அன்புள்ள மச்சான் ஆஸிமுக்கு, அப்துல் வஹீது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் அக்கா ஆமினாவின் குரலும் சுகம். அதற்குப் பயந்துதான் போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேன்.

என் மகள் ரிஃபானா கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டாகியிருப்பது உனக்குத் தெரியும். படி ஏறவே கூடாது என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் பிரசவத்துக்கு வருகிற பெண்ணை இந்த மாடி வீட்டுக்கு எப்படிக் கூட்டி வருவது? ஆர்.எஸ்.புரத்தில் படியில்லாத வீடு ஒன்று பார்த்துவிட்டேன். இங்கே கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வந்தால்தான் அங்கே கொடுக்க முடியும். காரணத்தை மட்டும் வெளியே மூச்சுவிடக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது உன் அக்காவின் உத்தரவு. இந்த நேரம் பார்த்துத்தானே நீ போன் பண்ணி, "அக்ரிமென்ட் முடிஞ்சு வருஷக்கணக்காச்சு, புதுப்பிக்கலையா? அப்ப அட்வான்ஸ் அம்போதான்" என்றாய்! அன்று போன தூக்கம்.

மறுநாளே கீழ்வீட்டுக்குப் போனேன். ஓனர் தம்பிதுரை, "ஏனுங்க பாய், மொதல்ல சாப்புடுங்க, பேச்செல்லாம் அப்பறம்" என்று உட்காரவைத்து, அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்யை ஊற்றிவிட்டார். அந்த நெய்க் கையோடு பணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதிலுக்கு உன் அக்கா இனிப்பாகத் தம்ரூட் கிண்டி அனுப்பினாள். அவர் வீட்டம்மா மாரியாத்தாள் வெறும் பாத்திரமாகத் திருப்புவாரா? முருங்கைக்காயோடு வந்தது. நாங்கள் மட்டும் என்ன குறைந்தவர்களா? இப்படியே பாத்திரம் ஏறுகிறது, இறங்குகிறது, என் வயிறு வளர்கிறது, அட்வான்ஸ் பேச்சு மட்டும் எழவில்லை. சோற்றைப் போட்டே பணத்தை அமுக்கப் பார்க்கிறார் என்று நினைத்து நினைத்து அழுகை வந்தது, மச்சான்.

நேற்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். "அக்ரிமென்ட் முடிஞ்சுபோச்சு, இனி அவர் ஊட்டைக் காலி பண்ணவே மாட்டாருன்னு எங்கக்கா பையன் பவன் பயமுறுத்திப்போட்டானுங்க. சந்தோசமா வெச்சிருந்தா, கேக்கறப்ப நீங்களே போயிருவீங்கன்னுதானுங்க இத்தனை நாளா..." என்றவர், வெள்ளையடிக்கக்கூடப் பிடிக்காமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். ஆகவே, சென்னிமலையில் பெட்ஷீட் ஏற்றுகிற உன் டெம்போவை மாதக் கடைசியில் தவறாமல் அனுப்பு.

உன் அம்மாவுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு துஆ. இனி யாருக்கும் சட்டம் சொல்லாதே.

உன் மச்சான்,
அப்துல் வஹீது

பின்குறிப்பு: டெம்போ வேண்டாம். இந்தக் கடிதம் தபாலில் சேராமல் என் சட்டைப் பையில் கிடந்த நாலு நாளில் எல்லாம் தலைகீழ். பாத்திரம் கொடுக்க வந்த மாரியாத்தாள், "ஏனுங்க அம்மணி, எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?" என்று கண் கலங்கியதும், எனக்கு வாய்ப்பூட்டு போட்ட உன் அக்கா ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க மேல வந்துபோட்டு உங்களைக் கீழ விட்டிருப்போமுங்களே!" என்றார் அந்தம்மா. அன்று மாலையே அட்வான்ஸ் தம்பிதுரை கைக்குத் திரும்பியது, நேற்று பீரோக்கள் இடம் மாறின. புது அக்ரிமென்ட் போடலாமா என்றேன். "அதப் போட்டுத்தானுங்க இத்தனை பயம்" என்றுவிட்டார்.

இன்று விடியற்காலையில் கதவு தட்டினார்கள். திறந்தால் தம்பிதுரை, கையில் காலி வாளி. "ஏனுங்க பாய், மேல தண்ணி வரலைங்க." இத்தனை வருஷமாக அவர் எனக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னேன்: "பாத்துக்கலாமுங்க."