குலசாமி மேடும் டர்போ அழுத்தமும்

பழங்காநத்தம், மதுரை
14-2-1987

அன்பும் மதிப்பும் நிறைந்த தவசி அண்ணனுக்கு,

தங்கை அன்னக்கொடி வணங்கி எழுதுவது. இங்கு நானும், உங்கள் மாப்பிள்ளையும், உங்கள் மருமகளும், லாரியும் நலம். கம்பத்தில் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்கச் சாமியை வேண்டுகிறேன். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள், அதனால் கையெழுத்து ஓடும், பொறுத்துக்கொள்ளவும்.

குலசாமி கோயிலில் வைத்திருக்கிற பாப்பா காதுகுத்துக்கு நீங்கள் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பியது கிடைத்தது. "அந்த லாரியில என் மருமகளை ஏத்துனா, என் மடி அவளுக்குக் கிடையாது" என்றீர்களாம். தாய்மாமன் மடி இல்லாமல் எந்தப் பிள்ளைக்கு அண்ணே காது குத்துவார்கள்? மூணு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருசம் குலசாமி கோயில் மேட்டில் லாரி நின்றதும், சொந்தக்காரர்கள் எல்லோரும் இறங்கித் தள்ளியதும், பின்னால் நின்று தள்ளிய உங்கள் பட்டு வேட்டி புகையில் கறுத்ததும் உண்மைதான். ஆனால் இப்போது இருப்பது அந்த லாரியே இல்லை. உங்கள் மாப்பிள்ளை அதில் டர்போ அழுத்தத்தைக் கூட்டிவிட்டார்.

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள் என்பதால் சொல்கிறேன். டர்போ என்பது இஞ்சினிலிருந்து போகிற புகையின் வேகத்திலேயே சுற்றுகிற ஒரு விசிறி. அது வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசல் முழுசாக எரியும், இழுவை கூடும், புகை குறையும். பக்கத்தில் ஒரு கம்பியும் நட்டும் இருக்கிறது, நட்டை இறுக்கினால் அழுத்தம் ஏறும். கோரிப்பாளையத்து மெக்கானிக் அப்பாஸ் பாய் கொஞ்சம் இறுக்கிவிட்டு, "இம்புட்டுப் போதும் தம்பி, இதுக்கு மேல கை வைக்காதீக" என்றார். அந்த அளவிலேயே லாரி காற்றாய்ப் பறந்தது. அவர் பேச்சை நாங்கள் மதிக்காமல் இல்லை அண்ணே, இடையில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை லாரிக்குப் பூசை போட்டது என் நாத்தனார் சீனியம்மாள் மதினி. இஞ்சினுக்குக் காற்று இழுக்கிற குழாய் ஒன்று, குடை பிடித்த மாதிரி தலையோடு பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். மதினிக்கு அது நம்ம காவல்சாமி கொண்டை போட்டு நிற்கிற மாதிரியே தெரிஞ்சிருக்கு. சந்தனம் பூசி, குங்குமம் வச்சு, கோயில் பட்டுத்துண்டை எடுத்து அந்தத் தலையில பரிவட்டம் கட்டிருச்சு. சும்மா இல்ல, மூணு சுத்து, இறுக்கி முடிச்சு. நாங்களும் கன்னத்துல போட்டுக்கிட்டுச் சோதனை ஓட்டத்துக்குச் செங்கல் ஏத்திக்கிட்டுக் கொட்டாம்பட்டிக்குக் கிளம்பிட்டோம். அழுத்தம் காட்டுற கேஜைப் பாக்க ஒரு ஆள் வேணுமேன்னு நானும் போனேன், பாலுக்கு அழுவாளேன்னு பாப்பாவும் வந்தா. கோவிக்காதீக, அது சோதனை ஓட்டம், காதுகுத்துக் கணக்குல வராது.

மேலூர் தாண்டுனதும் கேஜ் முள்ளு படுத்துருச்சு, பின்னாடி கறுப்புப் புகை. அவுக இறங்கி நட்டை இறுக்குனாக. அப்பவும் ஏறல. "ஏங்க, பாய் வேணாம்னாரே." "பாய்க்கு அவரு வீட்டு லாரியா? நீ முள்ளப் பாரு." மறுபடி இறுக்குனாக, மறுபடி புகை. கடைசியில இறுக்குறதுக்குக் கம்பியில மரையே மிச்சமில்ல. ஒரு சைக்கிள்காரரு எங்களத் தாண்டிப் போயி, திரும்பிப் பாத்து, "அண்ணே, முன்னால போயி சொல்லி வைக்கவா, லாரி வருதுன்னு?" அப்படிங்குறாரு! அவுகளுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. பாப்பா வேற வீறிட்டு அழுதா. காத்தாட இறக்கி, லாரியச் சுத்திக் காமிச்சேன். பளபளன்னு பட்டைப் பாத்ததும் அழுகைய நிறுத்தி, ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தா பாருங்க, முடிச்சோட பரிவட்டம் கையில வந்துருச்சு! எந்தக் காலேஜுலயும் படிக்காத பிள்ள அண்ணே, ஒரு வயசு ரொம்பல, இஞ்சினுக்கு மூச்சு எங்க அடைச்சிருக்குன்னு கண்டுபிடிச்சிருச்சு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு.

அதுக்கப்புறம் அவுக மிதிச்சாக. முள்ளு போயி கடைசிக் கோட்ட முட்டி நின்னுச்சு. லாரி எகிறுனதுல கொஞ்சம் செங்கல் ரோட்டோட போச்சு. சைக்கிள்காரரத் தாண்டுனோம், ஒரு பஸ்ஸத் தாண்டுனோம், பஸ்ஸுல கைதட்டுனாக. "பாத்தியா, என் கை எப்பிடி?"ன்னாக. "உங்க கை இல்ல, உங்க மக கை"ன்னேன். கொட்டாம்பட்டி சந்தைக்குள்ள நுழையவும் பெரிய வெடிச் சத்தம். காத்து போற ரப்பர்க் குழாய் பிச்சுக்கிருச்சு. ஏதோ திருவிழா வேட்டுன்னு நெனச்சு ரெண்டு பேரு கும்பிட்டாக. பட்டுத்துண்டை வச்சு அதை இறுக்கிக் கட்டி, மெதுவா உருட்டிக்கிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

ஆகவே அண்ணே, குற்றம் டர்போவில் இல்லை, பரிவட்டத்தில்தான் என்பது நிரூபணமாகிவிட்டது. நூறு சொந்தக்காரரும் கிடாயும் ஏறினாலும் அந்த மேட்டை லாரி ஒரே மூச்சில் ஏறும். நீங்கள் முன்சீட்டில் உட்காரலாம், யாரும் தள்ள வேண்டியதில்லை. கோபத்தை விட்டுத் தாய்மாமனாக வந்து உங்கள் மடியைத் தரவேண்டும். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். குலசாமி உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
அன்னக்கொடி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன், ரப்பர்க் குழாய் மாற்ற லாரியை விட்டிருந்த அப்பாஸ் பாயிடமிருந்து ஆள் வந்தது. அழுத்தம் தாங்காமல் இஞ்சின் தலைக்கடியில் கேஸ்கட் வெடித்து, ஆயிலுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதாம். இரண்டு மாசத்துக்கு லாரி நகராதாம். ஆகவே உங்கள் மருமகள் அந்த லாரியில் ஏறப்போவதில்லை, நீங்கள் வராமல் இருக்க இனி ஒரு காரணமும் இல்லை. வரும்போது எல்லோருமாகப் போக அங்கிருந்தே ஒரு பஸ் பேசிக்கொண்டு வாருங்கள். அது என்ன இஞ்சின் என்று மட்டும் முன்கூட்டியே எழுதச் சொன்னார் உங்கள் மாப்பிள்ளை. டர்போ இங்கே சும்மாதான் கிடக்கிறதாம்.