வெள்ள நானாவின் வெள்ளிக்கிழமை ஓட்டம்

இலங்கையிலேயே அதிகம் பயந்த மனிதர் அலுவிகாரையில்தான் இருந்தார். கலேவெலயில் மிளகாய்த் தோட்ட வேலையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு வழியில்லாமல் மாத்தளையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அவருடைய குடும்பம் என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடியது.

கொளுத்தும் வெயில். முன்னால் ஒரு பெண்மணி அரிசி மூட்டையோடு, அடுத்து மகள் தையல் மெஷினோடு, மகன் இரண்டு ஆடுகளோடு, கடைசியில் மாமியார் சுவர்க்கடிகாரத்தோடு. எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நானும் அவர்களோடு மேட்டில் ஏறினேன். எல்லாருக்கும் பின்னால், கையில் ஒரு தாளுடன் மூச்சுவாங்க வந்தார் அந்த மனிதர்.

"நீ யாரு? ஒன்ட பேரு இதுல இல்லையே!"

"தீ எங்கங்க?"

"தீயா? இது வெள்ளம்!"

கீழே ஆற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை.

ஊரில் அவருக்கு வெள்ள நானா என்று பெயர்; நானா என்றால் அண்ணன். மாத்தளைச் சந்தையில் கருவாடு விற்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும், சாப்பாட்டுக்கு முன், வீடு முழுவதும் மேடேற வேண்டும். யார் எதைத் தூக்குவது என்று தாளில் எழுதியிருந்தார். தூக்கியதைக் கீழே வைக்கக் கூடாது, திரும்பி வரக் கூடாது. அவர் கடைசியில் வந்து சொன்னால்தான் இறக்கலாம். "நானா, இன்னைக்கு எத்தன அடி தண்ணி?" என்று பக்கத்து வீட்டார் கேலி செய்வார்கள். "சிரிங்க, சிரிங்க. மெதக்கக்குள்ள பாப்போம்!" என்பார்.

விறகு பிளக்கிறேன் என்று அங்கேயே தங்கினேன். விறகுக் கொட்டிலில் படுக்கை. மூன்று வேளையும் சோறு கிடைத்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வயிறு எரியும். என் சொத்து இடுப்பில் கட்டிய ஒரு சாரமும் ஒரு கட்டு பீடியும். இரவெல்லாம் கவலைப்படும் அளவுக்கு இந்த மனிதருக்கு இவ்வளவு இருக்கிறதே! கடிகாரத்துக்குக்கூட அந்த வீட்டில் ஒரு ஆள் இருந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "எனக்கும் எதாச்சும் தூக்கக் குடுங்க நானா."

"ஒனக்கு என்னத்துக்கு? நீ நாளைக்கே ஊர உட்டுப் பெய்த்துருவ."

அது உண்மைதான். அதனால்தான் சுட்டது. மறுவாரம் புறப்படுவதென்று முடிவு செய்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் பகலில் ஆறு முற்றத்துக்கே வந்துவிட்டது. குடும்பம் அரிசி, மெஷின், ஆடு, கடிகாரம் என்று வரிசையாக மேடேறியது. அத்தனை ஒழுங்கை நான் எந்தத் தோட்டத்திலும் கண்டதில்லை. அவர்களோடு நானும் மேலே போய் நின்ற பிறகுதான் மகன் கேட்டான்.

"வாப்பா எங்க?"

ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரும் எதையும் கீழே வைக்கவில்லை. அவரைத் தூக்கும்படி தாளில் அவர் யாருக்கும் எழுதியிருக்கவில்லை.

"தம்பி," என்று அவர் மனைவி அலறினார், "ஒங்கட கை சும்மாதானே இரிக்கி!"

இறங்கினேன். தண்ணீர் நெஞ்சுவரை இழுத்தது. வீட்டுக்குள் நானா மேசைமேல் நடுங்கிக்கொண்டு நின்றார்.

"மெஷின் நனையல்லையே?"

"ஏறுங்க நானா முதுகுல!"

"மெதுவா, மெதுவாடா! நான் என்ன ஆடா?"

மேட்டில் இறக்கியதும் பெண்களும் பிள்ளைகளும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நனைந்த கோழிபோல் நின்ற அந்த மனிதர்மேல் எனக்கு அப்போதும் பொறாமைதான்.

மறுநாள் காலை, சேற்று முற்றத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"பெரிய பிழை ஒன்டு விட்டுட்டேன். இனி என்னத் தூக்குறது ஒன்ட வேல. குனி."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே நானா."

"பழக வேணாமா?"

குனிந்தேன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்காத நான் அந்த வேலையில் நாலு வருடம் இருந்தேன். மனிதர் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே போனார். இறக்கிவிட எனக்கு ஒருநாளும் அவசரம் இருந்ததில்லை.