வாராவாரம் ஓர் ஒட்டகம்

தேனி ஜில்லாவிலேயே வாரம் தவறாமல் ஒட்டகம் அறுத்த மனுஷர் ஒருவர்தான். அவருக்கு ஆடு வாங்கக்கூட வசதி கிடையாது. இருந்தது ஓர் ஆட்டோ. அதுவும் மேடு ஏறாது.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு முதலில் வருபவருக்கு ஒட்டகம் அறுத்துக் கொடுத்த நன்மை. அடுத்தவருக்கு மாடு. அப்புறம் ஆடு, கோழி. கடைசியில் முட்டை. இமாம் குத்பா பிரசங்கத்துக்கு மேடை ஏறிவிட்டால், வாசலில் நின்று பெயர் எழுதும் வானத்து மலக்குகள் ஏட்டை மூடிவிடுவார்கள். எங்கள் இமாம் ஹஜ்ரத் இதைப் பயான் பேசும்போது சொன்னார். ஊரே கேட்டது. இவர் ஒருவர்தான் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினார்.

அன்றிலிருந்து கம்பத்தில் அவர் பெயர் ஒட்டகம். வீட்டில் வைத்த பெயர் எனக்கே மறந்துபோச்சு.

நான் அந்தப் பள்ளிவாசல் மோதினார். பாங்கு சொல்வேன், கேட் திறப்பேன், பாய் விரிப்பேன்.

"அப்படின்னா மொத ஆளு நான்தான?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீங்க கணக்குல வரமாட்டீக மோதினாரே. சம்பளத்துக்கு வர்றவுக."

ஞாயம்தான். விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் ஆட்டோவில் யாரும் ஏற முடியாது. ஓர் அம்மா கை காட்டி நிறுத்தியதை நானே பார்த்தேன்.

"கூடலூருக்கு வருமாண்ணே? அவசரம்."

"எனக்கு அத விட அவசரம் ஆத்தா."

அவர் வந்து சேர்ந்தபோது நான் பள்ளிவாசல் கேட்டைக்கூடத் திறக்கவில்லை.

தொழுகை முடிந்ததும் செருப்பு விடுகிற இடத்தில் நிற்பார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தீர்ப்பு.

"மாப்ள, நீ இன்னிக்கு ஆடு. நீ கோழி. சார், நீங்க வழக்கம்போல முட்டை."

அந்த சார் கணக்கு வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை போட்டவர். அவருக்கு வாராவாரம் முட்டை போட்டவர் இவர் ஒருவர்தான்.

வினை ராவுத்தரால் வந்தது. பெயிண்ட் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்த பெரியவர். ஒரு வெள்ளிக்கிழமை ஒட்டகம் உள்ளே நுழைந்தால், முதல் வரிசையில் ராவுத்தர் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கிறார்.

"மோதினாரே, அந்தாளு எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான்."

"அப்ப நானு?"

"மாடு" என்றேன்.

அடுத்த வாரம் ஒட்டகம் கடைவீதி ஷட்டர் திறக்குமுன் வந்தார். அதற்கடுத்த வாரம் ராவுத்தர் பால் வண்டிக்கு முன்னால் வந்தார். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை சுபுஹு தொழுத இரண்டு பேரும் வீட்டுக்கே போகவில்லை. முதல் வரிசையில் ஆளுக்கொரு மூலை. முகம் பார்ப்பதில்லை.

ஹஜ்ரத் வந்து பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஜும்மாவுக்குக் குளிச்சாச்சா?"

முழித்தார்கள்.

"போயிக் குளிச்சிட்டு வாங்க."

ஓடினார்கள். ஒட்டகம் காதில் சோப்பு நுரையோடு திரும்பினார். ராவுத்தர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். யார் முந்தி என்று என்னைக் கேட்டார்கள். பார்க்கவில்லை என்றேன். பார்த்தேன்.

குத்பா நேரத்தில் வாய் திறந்தால் ஜும்மாவின் பலன் போய்விடும். அதனால் அந்த நேரம் மட்டும் எனக்கு நிம்மதி.

அப்படி அவசரமாகக் குளித்த ஒரு வெள்ளிக்கிழமைதான் ராவுத்தர் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. தேனியில் ஆபரேஷன்.

ஒட்டகத்துக்குப் போட்டி இல்லை. முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்து வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். தொழுகை முடிந்து யாருக்கும் தீர்ப்பு சொல்லவில்லை. வாத்தியாரே வந்து, "இன்னிக்கு நான் என்ன?" என்று கேட்டார்.

"போங்க சார்" என்றார்.

டாக்டர் ஊன்றிக்கொள்ள ஒரு வாக்கர் கொடுத்து நடக்கச் சொல்லியிருந்தார். ராவுத்தர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இப்படியே கிடந்தால் அப்புறம் எழவே முடியாது என்று அவர் மகன் என்னிடம் வந்து அழுதான். நான் ஒட்டகத்திடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு ராவுத்தர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினார்.

"ஜும்மாவுக்குக் கெளம்புங்க."

"முடியாதவனுக்குச் சலுகை இருக்குலே. வீட்டுலயே மதியத்து லுஹர் தொழுதுக்கிருவேன்."

"ஊரு என்ன சொல்லுது தெரியுமா? ராவுத்தரு இனி முட்டைக்குக்கூட லாயக்கில்லையாம்."

ஊர் அப்படிச் சொல்லவேயில்லை.

"எவன்லே சொன்னது?"

"எல்லாரும்தான். நானுஞ் சொன்னேன்."

ராவுத்தர் கழுத்து நரம்பு புடைத்தது. மகனைப் பார்த்துக் கத்தினார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? அத எடுத்தா!"

வாக்கர் வந்தது. எழுந்தார். வலியில் அவர் சொன்னதை எழுத முடியாது. எல்லாம் ஒட்டகத்துக்குத்தான். ஒட்டகம் சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினார்.

பள்ளிவாசலில் ஓர் ஆளும் இல்லை. நான் கேட்டைத் திறந்தேன். ராவுத்தர் வாக்கரை ஊன்றி ஊன்றிப் படியேறினார். நிற்பார், மூச்சு வாங்குவார், மறுபடி ஊன்றுவார். ஒட்டகம் நினைத்திருந்தால் தாண்டிப் போயிருக்கலாம். அவர் ஆட்டோ பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு தூசி இல்லை.

"உள்ள போகலையா? முந்திருவாரு" என்றேன்.

"போறேன் மோதினாரே. அவுக மெல்லத்தான நடக்குறாக."

நேரில் மரியாதை எல்லோரும் கொடுப்போம். ஆள் காதுக்கு எட்டாத இடத்தில் ராவுத்தரை அவர் 'அவுக' என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான் உள்ளே போய் முதல் வரிசையில் ராவுத்தருக்கு நாற்காலி போட்டேன். பக்கத்தில் என் துண்டை விரித்து இன்னோர் ஆளுக்கு இடம் பிடித்து வைத்தேன். அவ்வளவு பெரிய பள்ளிவாசலில் வேறு யாருமே இல்லை.