மிளகளவு நத்தை

சரோஜாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி லிப்ட் வாசலில். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, "வெத்தலக் கொடிக்குத் தண்ணி ஊத்துங்க" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

முப்பத்தெட்டு வருஷத்தில் என் மனைவி என்னை நம்பி ஒப்படைத்த ஒரே வேலை அது.

படூரில் எங்கள் பால்கனியில் பதினான்கு தொட்டிகள் இருந்தன. இரண்டு வருஷத்தில் பதின்மூன்றை முடித்துவிட்டேன். சிலவற்றை மறந்து கொன்றேன். மற்றவற்றை ஞாபகம் வந்து, மொத்தமாகத் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன். மிச்சம் வெற்றிலைக் கொடிதான். அதுவும் தலை தொங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கண்ணாடி ஜாடிக்குள் மண், செடி, நாலு பூச்சி. மூடிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரே ஆவியாகித் திரும்ப விழும். அழுகின இலையைப் பூச்சி தின்னும், அது செடிக்கு எருவாகும். ஆள் தேவையில்லை.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கேளம்பாக்கத்தில் மீன் தொட்டி விற்கும் பாயிடம் போனேன். கோவளம் கடற்கரையில் ஒரு பை மணலும் அள்ளிப் போயிருந்தேன்.

பாய் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "சார், செடி வெக்கப் போறீங்களா, கருவாடு போடப் போறீங்களா?"

கரித்துண்டும் தென்னைநார்த் தூளும் கொடுத்தார். "அழுகுறத தின்ன நாலு மரவட்டை போடுங்க, போதும். மூடினா மூடினதுதான். நீங்க போய்ட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும்."

சரோஜா மாவடு போடும் பெரிய கண்ணாடி ஜாடியை எடுத்தேன். கொடியை வேரோடு உள்ளே வைத்தேன். மரவட்டை நாலு. மழைக்குக் காம்பவுண்டுச் சுவரில் மிளகளவு நத்தை ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. யாரையும் கேட்காமல் அதையும் போட்டேன்.

வீட்டு வேலைக்கு வரும் பவுனு மறுநாளே மூடியைத் திறந்துவிட்டாள். "இன்னா சார், காத்தே இல்ல. மூச்சு முட்டாது?"

விளக்கினேன். தலையாட்டினாள். அடுத்த நாளும் திறந்தாள்.

ஆகவே குழாய்க்குப் போடும் பசையால் மூடியை ஒட்டிவிட்டேன்.

ஒரு மாதம் பிரமாதம்! கொடி நிமிர்ந்தது. புதிதாக இரண்டு இலை. இத்தனைக்கும் நான் ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு நத்தை சுண்டைக்காய் ஆனது. கொட்டைப்பாக்கு ஆனது. இலைகளில் ஓட்டை விழுந்தது. அழுகினதை மட்டும்தான் தின்ன வேண்டும் என்ற ஏற்பாடு அதற்குத் தெரியவில்லை.

எலுமிச்சை அளவுக்கு வந்தபோது மூன்று இலைதான் மிச்சம்.

பவுனு குனிந்து பார்த்தாள். "தெனம் வெத்தல போட்டுக்கினு கீது சார். பாக்கு, சுண்ணாம்பு ஏதாச்சும் வேணுமான்னு கேளு."

கத்தியால் நெம்பினேன். வெந்நீர் ஊற்றினேன். மூடி அசையவில்லை. வாழ்க்கையில் நான் உருப்படியாக ஒட்டியது அது ஒன்றுதான்.

"ஒடச்சிடு சார்."

"அது அம்மாவோட ஜாடி, பவுனு."

"கொடி மட்டும் யாருதாம்?"

யோசிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். நத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை ஜாடியைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு அடி அடித்தேன். சுலபமாகத்தான் உடைந்தது. மரவட்டைகள் நாலும் சுருண்டு சௌக்கியமாக இருந்தன. நத்தை மேல் போட, பவுனு கை நிறைய கல் உப்போடு ஓடிவந்தாள்.

"எங்க அந்த நத்த? மொத்தத்தையும் துன்னு தீத்துடுச்சே!"

"வேணாம் பவுனு. உள்ள போட்டது நான்தானே."

அவள் உப்பையும் என்னையும் பார்த்தாள். "அப்ப யாருக்குப் போடறது இத?"

இப்போது டம்ளர் தண்ணீரில், கொடியில் மிஞ்சிய ஒரு கணு நிற்கிறது. வேர் விட்டிருக்கிறது. இலை இன்னும் இல்லை.